பொடி பழசு

“யாருக்கு மேடம், வீட்டுக்கா, ஆபீசுக்கா?” என்று கடைப் பெண் கேட்டது சாதாரணக் கேள்விதான். வத்சலாவுக்குத்தான் பதில் வரவில்லை. வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வீடு என்று நினைத்ததுமே கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அவர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார். தனசேகர் தூசி தட்டிப் போட்டுக் கொடுத்த நாற்காலி, தனசேகரின் பழைய கதர்த் துண்டு, தனசேகரின் செருப்பு. புருஷனுடைய சாமான்களையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் காபிக்கொட்டை அரைக்க ஒரு மிஷின் வாங்க ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பஸ் ஏறி சேலம் ஐந்து ரோட்டுக்கு வந்து, பாத்திரக் கடைக்கு மேலே இந்த முதல் மாடிக்குப் படியேறி நிற்கிறாள். “வீட்டுக்கு” என்றாள். “எத்தனை பேர் காபி குடிப்பீங்க?” “ஒருத்தர்.” “உங்களுக்கா மேடம்?” “இல்ல. வீட்டுக்கு வந்திருக்கிறவருக்கு.” சொல்லி முடித்ததும் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. வந்திருக்கிறவர். விருந்தாளி மாதிரி. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தைந்து வருஷமாக நிற்கிறவள் அவள். வரிசையில் வருகிற கிழவர் ஒவ்வொருவரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா, இது காலையில, இது சாப்பிட்ட பிறகு. அப்பா, சீட்டைத் திருப்பிக் காட்டுங்க. வாயில் தானாக வரும், யோசிக்க வேண்டியதே இல்லை. யார் யாருடைய அப்பாக்களோ. பெற்றவர் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகப்போகிறது, அவரைக் கூப்பிட மட்டும் அவளிடம் சொல் இல்லை. சாப்பாடு வச்சிருக்கு. தண்ணி சுட்டுடுச்சு. லைட் போட்டாச்சு. நீ என்றும் வராமல் நீங்க என்றும் வராமல் எப்படியெல்லாம் பேச முடிகிறது என்று அவளே ஆச்சரியப்படும்படி, பாதி வாக்கியங்களைச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் நீ என்றுதான் சொல்வாள். நீ வா, நீ தூக்கு, நீ அரை. அந்த நீயை இப்போது எடுத்தால் உறவு கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடும். நீங்க என்றால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டில் எதற்கும் அவருக்கு உரிமை இல்லை. வந்த அன்று பையை வாசலில் வைத்துவிட்டு “வச்சு” என்றார். அந்தப் பெயரை அம்மா செத்த பிறகு யாரும் சொன்னதில்லை. வத்சலா திரும்பி அடுக்களைக்குள் போய், கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். அதற்குப் பிறகு அவரும் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அந்தப் பெண்ணின் சட்டையில் அஃப்ரீன் என்று பெயர் குத்தியிருந்தது. கல்யாணமான பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், நிதானமாகப் பேசினாள். “இது பிளேடு வச்சது மேடம், மிக்சி மாதிரி. வெட்டித் தள்ளிடும், ஆனா கொஞ்சம் நைஸா வரும், கொஞ்சம் குருணையா வரும். பொடி சூடாகிடும், வாசனை போயிடும். இது ரெண்டு பல் சக்கரம் வச்சது. நடுவுல கொட்டை நசுங்கும், ஒரே மாதிரி வரும். ஃபில்டர் காபின்னா இதுதான்.” வத்சலா பிளேடு வைத்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனை போயிடும் என்றாளே, அதுதான் சரி. அதையே வாங்கிக்கொண்டு போய் வைக்கலாம். குருணையும் தூளுமாகக் கசந்து தொலையட்டும். பொடி பழசு என்று சொன்ன வாய் அதைக் குடிக்கட்டும். பொடி பழசு. முந்தாநாள் காலையில் நடந்தது அது. இந்த வீட்டில் காபியே கிடையாது, டீதான். அவருக்காகத் தனசேகர் போய்ப் பொடி வாங்கி, ஃபில்டர் வாங்கி, அவனே வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறக்கி, ஆற்றி, டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு வாய் குடித்தார். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் “பொடி பழசு” என்றார். குறையாகக்கூட இல்லை, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி. தனசேகருக்குச் சிரிப்பு. “பாரேன், நாக்கு எப்படி இருக்குன்னு. கொட்டை வாங்கி அரைச்சாத்தான் ஆகும்போல. ஞாயித்துக்கிழமை நீ போய் ஒரு மிஷின் பாத்துட்டு வந்துடு.” நீ போய். மோட்டார் ரிப்பேர், ஆள் வருகிறான், அவனால் நகர முடியாதாம். தனசேகர் நல்லவன். ஊரே சொல்லும். கர்நாடகத்துப் பத்ராவதியிலிருந்து யாரோ ஒரு பையன் போன் செய்து, எங்கம்மா போயிட்டாங்க, இவரை இனிமே நாங்க வச்சுக்க முடியாது, பொண்ணு சேலத்துல இருக்குன்னு சொல்றாரு என்றபோது, “வயசான மனுஷன், பாவம், எங்க போவார்” என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறியவன். அவளிடம் கேட்டான்தான். கேட்ட விதம் தெரியாதா. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது கேட்பதா. அவன் கோபத்தைத் தூக்கிப்போட்டு நல்லவனாவது வேறு. அவள் கோபத்தை எடுத்து அவன் தானம் பண்ணிவிட்டான். கோயமுத்தூரில் படிக்கிற மகள் தாரிணி வீடியோ காலில் தாத்தா என்றாள், முதல் தடவையே, ஒரு தடங்கலும் இல்லாமல். எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் சுலபமாக்கிக்கொண்டார்கள். அவள் ஒருத்திதான் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், என்னவோ குற்றம் செய்தது அவள் மாதிரி.

“கையால சுத்துறதும் இருக்கு மேடம்” என்று அஃப்ரீன் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தாள். கனமான இரும்பு, மேலே கிண்ணம், பக்கத்தில் மரக்குமிழ் வைத்த கைப்பிடி. பலகையில் வைத்துத் திருகிக்கொள்ள அடியில் ஒரு பிடி. அஃப்ரீன் கொஞ்சம் கொட்டையைப் போட்டுச் சுற்றினாள். ஏற்காட்டுக் கொட்டை, நேற்று வறுத்தது என்றாள். கரகரவென்று அந்தச் சத்தமும் பின்னாலேயே அந்த வாசனையும் வந்தபோது வத்சலா மூச்சை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியும் பயனில்லை, உள்ளே வந்துவிட்டது. சின்ன வயதில் இருந்த அம்மாபேட்டை வீட்டு அடுக்களை. ஜன்னலுக்குக் கீழே பலகை, அதன் ஓரத்தில் திருகி வைத்த காபி மிஷின். விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் ஒரு காலை மடக்கி நின்றுகொண்டு சுற்றுவார், பலகை மேல் அவள் உட்கார்ந்திருப்பாள். கைநிறையக் கொட்டை அள்ளிப் போடுவது அவள் வேலை. “போதும் வச்சு, மிஷினுக்கு மூச்சு முட்டும்.” அம்மா அடுப்புப் பக்கம் பாலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதானோ என்னவோ. அப்புறம் அந்தச் சாயங்காலம். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவர் வேலை விஷயமாக வெளியூர் போவது புதிதில்லை, சட்டைகள் கொடியில் இல்லாதது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனாள். பலகை காலியாக இருந்தது. மிஷின் இருந்த இடத்தில் மட்டும் மரம் வெளுப்பாக, திருகு அழுத்திய தழும்போடு. வெளியூர் வேலைக்குப் போகிறவர் காபி மிஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகமாட்டார். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்தது. அம்மா லோகாம்பாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா எங்கே என்று வத்சலா கேட்கவில்லை. மிஷின் எங்கே என்றுதான் கேட்டாள். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இனிமே டீ போட்டுக்கலாம்” என்றாள்.

அவ்வளவுதான் அம்மா சொன்னது. சாகும்வரை அவ்வளவுதான். பத்ராவதி இரும்பாலையில் கணக்கெழுதப் போனவர் அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறார் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அம்மா யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டாள், ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல். அப்பளக் கம்பெனிக்குப் போனாள், தையல் கற்றுக்கொண்டாள், மகளைப் படிக்க வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஆள் நாசமாய்ப் போக என்று சொல்லியிருந்தால் வத்சலாவுக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும். அம்மா சொல்லாததால் அதை இவள் சொல்ல வேண்டியிருந்தது, மனசுக்குள், படுக்கும்போது, பரீட்சைக்குப் படிக்கும்போது, கல்யாணத்தில் தாரை வார்க்க மாமா வந்து நின்றபோது. சட்டையை எடுத்துக்கொண்டு போ, பணத்தை எடுத்துக்கொண்டு போ, போகிற இடத்தில் சந்தோஷமாக இரு. காபி மிஷினையுமா. இவர்கள் காலையில் என்ன குடிப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றாத ஆள். திருகைக் கழற்ற எத்தனை நேரம் ஆகியிருக்கும், அத்தனை நேரமும் ஒருத்தர் நின்று கழற்றியிருக்கிறார். அங்கே போய் அந்தப் பெண்ணுக்கு அரைத்துக் கொடுத்திருப்பார். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் பலகை மேல் உட்கார்ந்து கொட்டை போட்டிருப்பார்கள். போதும், மூச்சு முட்டும். இந்தக் காட்சியை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாளோ, பார்க்காத ஒரு சமையலறையை மூலைமுடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது அவர் கை நடுங்குகிறது. சாம்பார் கரண்டியைத் தூக்கினால் பாதி தட்டுக்கு வெளியே. வத்சலாவின் பார்வை இரும்பு மிஷினின் கைப்பிடிக்குப் போனது. இதை வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, சுத்திக் குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டால் என்ன. அந்தக் கை சுற்றுகிறதா பார்க்கலாம். நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. “இதைப் போட்டுடலாமா மேடம்?” என்றாள் அஃப்ரீன். அப்போது போன் அடித்தது.

தனசேகர். “கையால சுத்துறதா, கரண்ட்டான்னு குழப்பமா இருந்தா அவரையே கேட்டுடு. இந்தா, பக்கத்துலதான் இருக்காரு, பேசு” என்று அவள் வேண்டாம் என்பதற்குள் போனைக் கொடுத்துவிட்டான். அதுதான் தனசேகர். போனில் சுவர் இல்லை, பார்த்துப் பேச. அந்தப் பக்கம் டிவியில் யாரோ பக்திப் பாட்டு பாடினார்கள்.

“ஹலோ” என்றார் அவர். “யாரு?”

“வத்சலா.”

“ம். சொல்லும்மா.”

“காபி மிஷின் கடையில இருக்கேன். கையால சுத்துறது வேணுமா, கரண்ட்டுல ஓடுறது வேணுமா?”

“எதுன்னாலும் சரிதான். எனக்காகன்னா ஒண்ணும் வேண்டாம்மா. இருக்கிறதையே குடிச்சுக்கறேன்.”

ஒண்ணும் வேண்டாம். அந்தச் சொல்தான் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிகிற ஆள் எங்கேயிருந்தார் இத்தனை வருஷம்.

“ஒண்ணும் வேண்டாதவன் அன்னைக்கு ஏன் அதை எடுத்துட்டுப் போன?” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அஃப்ரீன் கையிலிருந்ததை வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளிப் போனாள்.

“எதை?”

“எதையா. மிஷினை. நீ போகும்போது பலகையிலேருந்து கழட்டி எடுத்துட்டுப் போனியே, அதை. துணிமணி எடுத்துட்டுப் போனது எனக்குத் தெரியவே இல்ல. அது இல்லாததைப் பாத்துத்தான் நீ போயிட்டேன்னே எனக்குத் தெரிஞ்சுது.”

பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. அவர் டிவி பக்கத்திலிருந்து எழுந்து போவது கேட்டது, செருப்புச் சத்தம், தனசேகரின் செருப்பு.

“நான் கழட்டல” என்றார். “உங்கம்மாதான் கழட்டினா.”

“பொய் சொல்லாத.”

“அவளேதான். கத்தியோட பின்பக்கத்தை வச்சுத் திருகித் திருகிக் கழட்டினா. என் பையில கொண்டாந்து வச்சா. இது இங்க இருந்தா இதுக்காகவாவது திரும்பி வருவீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டே கெடப்பேன், எடுத்துட்டுப் போயிடுங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னா.”

வத்சலா கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். “நீ வேண்டாம்னு சொன்னியா?”

“இல்ல” என்றார். “எடுத்துக்கிட்டேன்.”

போனை அவள்தான் வைத்தாள். அஃப்ரீன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, “உக்காருங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டாள். வத்சலா உட்கார்ந்தாள். பொய்யாக இருக்கலாம். செத்தவளை யார் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறார்கள். ஆனால் கத்தியின் பின்பக்கம். அந்த வாரம் அம்மாவின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், துணி சுற்றியிருந்தது. மஞ்சள் ஊறிய துணி. என்னம்மா என்றதற்கு அரிவாள்மணை பட்டுடுச்சு என்றாள். அரிவாள்மணை விரல் நுனியைத்தானே வெட்டும், விரல்களுக்கு நடுவில் அந்த இடத்தை எப்படி வெட்டும் என்று அப்போது யார் யோசித்தார்கள். அந்தக் கையோடு அரிசி புடைத்திருக்கிறாள், மகள் வருகிற நேரத்துக்கு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முறத்தையே பார்த்துக்கொண்டு. அப்படியானால் அவள் பொறுத்துக்கொண்டு போனவள் இல்லை. அவள் துரத்தியிருக்கிறாள். வராதே என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டிருக்கிறாள். நீ முடித்துவிட்டாய் அம்மா. நான்தான் உன் பங்கையும் சேர்த்து இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன், பாவம், அம்மாவுக்குத் திட்டத் தெரியாது, அம்மாவுக்காக நான் திட்டுகிறேன் என்று. உன் கோபத்தில் எனக்கு ஒரு கரண்டி கொடுத்திருக்கக் கூடாதா. இன்ன மாதிரி செய்தேன் வச்சு, மிஷினைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்திருப்போமே. கடைசி மாசம் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை பேச்சுப் பேசினாய், பக்கத்துக் கட்டில்காரியின் மருமகளைப் பற்றியெல்லாம். இதைச் சொல்லவில்லை. மகள் மனசில் அப்பா திருடனாக இருக்கட்டும் என்று விட்டாயா, இல்லை நீ துரத்தினாய் என்று தெரிந்தால் அவள் உன்னைக் கேட்பாள் என்று பயந்தாயா. கேட்டிருப்பேன்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று கேட்டிருப்பேன். அவர் உனக்குப் புருஷன், அனுப்பினாய், சரி. எனக்கும் அவர் ஏதோ ஒன்று இல்லையா. தனசேகர் டிக்கெட்டோடு வந்து கேட்ட மாதிரிகூட நீ கேட்கவில்லையே. அவளைக் கேட்காமல் ஒருத்தன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான், அவளைக் கேட்காமல் ஒருத்தி அவரை அனுப்பினாள். அவர், போ என்றால் போனார், வா என்றால் வந்தார். கையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். எடுத்துக்கிட்டேன். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்புறம், தான் அத்தனை நேரமும் நீ நீ என்று பேசியதும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, பேச்சு முழுக்க. வாயிலேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது சனியன்.

“மேடம், கையால சுத்துறதையே எடுத்துக்கறீங்களா?” அஃப்ரீன் திரும்பி வந்திருந்தாள். வத்சலா அந்த இரும்பு மிஷினைப் பார்த்தாள். அவர் அதைச் சுற்றினால் எப்படிச் சுற்றுவார் என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, கைப்பிடியையே பார்த்துக்கொண்டு, நடுங்குகிற கையால் நிறுத்தி நிறுத்தி, அரைமணி நேரம். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பாவம், கிழவர் அரைக்கிறார் என்று தனசேகர் வந்து பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வான். அந்த மிஷினுக்குப் பின்னால் அவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். “வேண்டாம்” என்றாள். “கரண்ட்டுல ஓடுறது கொடுங்க. பல் சக்கரம் வச்சது. சீக்கிரம் அரைச்சு முடிச்சுடும்ல?” “அரை நிமிஷம் மேடம்.” “அதுதான் வேணும்.” ஏற்காட்டுக் கொட்டையும் கால் கிலோ வாங்கினாள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள், பை வழியாக வந்த வாசனையைப் பிடித்து, “காபிக்கொட்டையா?” என்றாள். வத்சலா பையின் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக, அவரைக் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள். இறங்கும் இடத்தில் முதலில் வைத்திருந்தது கடைசிக்குப் போயிருந்தது.

வீட்டில் மோட்டார் சரியாகிவிட்டிருந்தது. தனசேகர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போனான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார், அவள் வரும் சத்தம் கேட்டே எழுந்திருக்க வேண்டும். “உள்ள வா” என்றாள். அடுக்களைக்கு வந்தார். இந்த வீட்டு அடுக்களைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்று தெரியாமல் அரிசி டின் பக்கம் நின்றார். மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, கொட்டையைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். பெரிய சத்தம். அந்தச் சத்தத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அரை நிமிஷத்தில் அது நின்றது. பொடியை ஃபில்டரில் போட்டு அமுக்கி, கொதித்த நீரை ஊற்றி மூடினாள். வாசனை எழுந்தது. அவர் மூக்கு இலேசாக விரிந்ததை அவள் பார்த்தாள். முக்காலி ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எதிரில் தான் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உக்காரு” என்றாள். “அன்னைக்கு நான் ஸ்கூல்ல இருந்தேன். நாலு மணிக்கு வந்துடுவேன்னு உனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் ஏன் நீ இருக்கல?”

அவர் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். ஃபில்டரின் மேல்பாகத்தில் நீர் நிறைய இருந்தது, டிகாஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். எழுந்து போக அவருக்கு இடம் இல்லை. அவளுக்கு அவசரமும் இல்லை.